மேல்மாடி அண்ணாச்சியின் சம்பளம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் திருவனந்தபுரத்தில் வருமான வரி ஆபீஸில் பரிசோதகனாக இருந்தேன். அந்த வேலை எனக்குக் கிடைத்ததற்குப் படிப்பைவிடத் தமிழ்க் கணக்கு வாசிக்கத் தெரிந்ததுதான் காரணம். அங்கே ஆரியசாலைக் கடைத்தெருவில் இருந்த தமிழ் வியாபாரிகளில் பலர் அப்போதும் பேரேட்டைத் தமிழ் எண்களிலேயே எழுதிவந்தார்கள். எங்கள் ஆபீசர் மலையாளி. அவருக்கு அந்த எழுத்து ஒன்றும் பிடிபடாது. நான் நாஞ்சில்நாட்டுக்காரன். அப்பா நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. மாகாணி, அரைக்கால் என்ற பின்னக் கணக்கெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தெரியும். மாதம் முப்பத்தைந்து ரூபாய்ச் சம்பளம். தம்பானூரில் ஒரு லாட்ஜில் மாடியறை.

அந்த நாட்களில் எங்களுக்கு ஓயாத தலைவலி, முதலாளிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட சம்பளம். கம்பெனியின் லாபத்துக்கு வரி அதிகம். சம்பளம் என்று எழுதிவிட்டால் அது செலவு. லாபம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் காலேஜில் படிக்கும் மகன் கணக்கில் செக்ரட்டரியாக இருப்பான். அடுக்களையை விட்டு வெளியே வராத மனைவி டைரக்டராக இருப்பாள். இவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், அந்த வேலையை வெளியாள் ஒருவர் செய்தால் என்ன கொடுப்பார்கள், அதற்கு மேல் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. சொல்வது எளிது. ஒரு மனிதனுடைய உழைப்புக்கு இதுதான் நியாயமான விலை என்று முப்பத்தைந்து ரூபாய் வாங்குகிற நான் எழுத உட்காரும்போது எனக்கே சில சமயம் கூச்சமாக இருக்கும்.

ஒரு நாள் காலையில் ஆபீசர் கணக்குக் கட்டு ஒன்றை என் மேஜையில் வைத்தார். ஆரியசாலையில் மிளகும் சுக்கும் வாங்கி விற்கும் ஒரு பிரைவேட் கம்பெனி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர் நடத்துவது. அண்ணன் மானேஜிங் டைரக்டர்.

ஆபீசரின் தமிழில் பாதி மலையாளம். "நோக்கு, இந்த மனுஷ்யனுக்குக் கையும் காலும் ஓடியபோது மாசம் நூற்றைம்பது. ரெண்டு வருஷம் முன்னெ வாதம் வந்து விழுந்தார். விழுந்த அடுத்த மாசம் முதல் ஆயிரம். இது எங்கனெ?"

"விழுந்தபிறகு என்ன வேலை செய்கிறார் சார்?"

"அதுதான் நீ போய் நோக்கணும். மூணு நாள் அவிடெ இரி. கண்ணால் கண்டதை மாத்ரம் எழுது."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போனேன். ஆரியசாலையில் அந்த நேரத்தில் காது கொடுத்துக் கேட்க முடியாது. வண்டிமாடுகளை அதட்டுகிற சத்தம், தரகர்களின் கூவல், மூட்டை இறக்குகிறவர்களின் வசவு எல்லாம் சேர்ந்து தெருவே ஒரு பெரிய வாய் போல இருக்கும். அந்தக் கடையின் வாசற்படியைத் தாண்டி உள்ளே இரண்டடி வைத்தேன். சத்தம் நின்றுவிட்டது. தெருவில் அல்ல, கடைக்குள். பத்துப் பன்னிரண்டு ஆட்கள் மூட்டை சுமந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. மூட்டையைத் தொப்பென்று போடாமல், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல இரண்டு பேராகப் பிடித்து இறக்கினார்கள். கணக்கு எழுதுகிறவர் என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

தம்பி முதலாளி பின்கட்டிலிருந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், கண்ணுக்குக் கீழே கருவளையம். "வாங்க சாரே, இரிங்க" என்றார், கிசுகிசுப்பாக. "பதினொரு மணி வரைக்கும் இங்கன யாரும் ஒச்சை போடமாட்டோம். மேலே அண்ணாச்சி சொல்லுதது கீழே கேக்கணும் பாத்துக்கிடுங்க."

"பேச்சு வருமா அவருக்கு?"

"பேச்செல்லாம் போயாச்சு. வாங்க, நீங்களே பாருங்க."

மரப்படி ஏறி மேலே போனோம். நீளமான அறை. மிளகின் காரம் பலகைத்தரை வரை ஏறி நிற்க, மூக்கும் கண்ணும் எரிந்தன. தெருப் பக்கத்து ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெரிய தேக்கு நாற்காலி. அதில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். உட்கார வைத்திருந்தார்கள் என்பதுதான் சரி. மார்புக்குக் குறுக்கே ஒரு துண்டு நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஐம்பது வயது இருக்கும். பெரிய உடம்பு. முகம் மழித்து, திருநீறு பூசி, வெளுத்த மல் வேட்டி உடுத்தி, கல்யாணத்துக்குப் புறப்பட்ட ஆள்போல இருந்தார். வாய் மட்டும் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அந்த உடம்பில் உயிர் இருந்த இடம் கண். அது என்மேல் வந்து நின்றது. நான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கண்ணும் கூடவே வந்தது.

சுவரோரமாக அவர் மனைவி நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

பிறகு தட்டுகள் வந்தன. ஒவ்வொரு பித்தளைத் தட்டிலும் ஒவ்வொரு தரகர் கொண்டுவந்த மிளகு. தம்பி ஒரு தட்டை அண்ணனின் வலது கைக்குக் கீழே நாற்காலியின் கைப்பலகையில் வைத்து, கையை எடுத்து மிளகின் மேல் கிடத்தினார். பிறகு இரண்டடி பின்னால் போய்க் கைகட்டி நின்றார். அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கீழேயும் எல்லோரும் நின்றுவிட்டார்கள் என்று பலகையின் வழியாகவே எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஒன்றும் நடக்கவில்லை. தம்பி அந்தத் தட்டை எடுத்துவிட்டு அடுத்ததை வைத்தார்.

நாலாவது தட்டில் அந்தக் கையின் சுட்டுவிரல் எழும்பி விழுந்தது. டக்.

சின்னச் சத்தம்தான். பித்தளையில் நகம் பட்டால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு. ஆனால் கீழேயிருந்து உடனே ஒரு குரல், "நாலு!" என்றது. மூட்டைகள் நகர ஆரம்பித்தன.

"பாத்தியளா?" என்றார் தம்பி. அவர் முகத்தில் வியர்வை. "விரல் அசைஞ்சா வாங்கணும். அசையலேன்னா விட்டிரணும். ரெண்டு வருஷமா ஒரு தடவைகூடத் தப்பலெ சாரே. நடமாடுன காலத்துல அண்ணாச்சி செஞ்ச ஜோலியெல்லாம் நானும் செய்யலாம், வேற ஒருத்தனும் செய்யலாம். இப்பம் செய்யுத ஜோலியைச் செய்ய இந்த ராஜ்யத்துல வேற ஆளு உண்டா? ஆயிரம் ரூவா வெறுதேயா குடுக்கேன்?"

அவர் என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை. வேஷம் போடுகிற வியாபாரிகளை எனக்குத் தெரியும். அவர்கள் பேசும்போது நம் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

இரண்டாம் நாள் முழுவதும் பேரேட்டோடு உட்கார்ந்தேன். முதலில் ஒரு சந்தேகம், பிறகு ஒரு பயம். அண்ணன் விழுந்த நாளுக்கு முன்னால் அந்தக் கணக்கு எல்லா வியாபாரிகளின் கணக்கையும்போல இருந்தது. நாலு லாபத்துக்கு ஒரு நஷ்டம். ஈரமான சரக்கு, ஏமாற்றிய தரகன். விழுந்த நாளுக்குப் பிறகு ஒரு கொள்முதலில்கூட நஷ்டம் இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நஷ்டம் எழுத வேண்டிய இடமெல்லாம் வெறும் தாளாக இருந்தது. கணக்கைத் திருத்தி எழுதியிருப்பார்கள் என்று நினைத்து, சரக்கு போன ரசீதுகளையும் வந்த பணத்தின் ரசீதுகளையும் வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மதியம் இரண்டு மணி வெயிலில், கதவு திறந்திருக்க, சுற்றிலும் ஆட்கள் இருக்க, நான் முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன். அப்போது மேலே பலகையில் ஏதோ சத்தம் கேட்டது. பெருச்சாளியாக இருக்கும். ஆனால் கணக்குப்பிள்ளை உட்பட அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் மேலேயே இருந்தேன். அன்று மிளகோடு ஒரு தட்டுச் சுக்கும் வந்தது. நல்ல சரக்கு, வெள்ளையாக, பூச்சியில்லாமல், ஒடித்தால் பட்டென்று ஒடிகிற சுக்கு. கை அதன்மேல் வெகுநேரம் கிடந்தது. விரல் அசையவில்லை. தம்பிக்கு அதை விட மனமில்லை. குனிந்து, "அண்ணாச்சி, இது நம்ம பக்கத்துத் தெருக்காரன் கேட்டுக்கிட்டு நிக்கான். விட்டிரவா?" என்றார். கை கல்லாகக் கிடந்தது. கடைசியில் தட்டை எடுத்துவிட்டார்கள். அதை அந்தப் பக்கத்துத் தெரு வியாபாரி அன்றே வாங்கிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பதினொரு மணிக்குத் தம்பி கீழே போனார். நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். சுவரோரம் நின்ற அம்மாள் மூன்று நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"நீங்க சர்க்கார் ஆளுதானே?"

"ஆமாம்மா."

"நீங்க எழுதுனா அதைக் கேட்டுத்தானே ஆவணும் இவுக?"

"எதைச் சொல்கிறீர்கள்?"

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, கணவரின் கையை எடுத்துத் துடைத்தார். மிளகில் கிடந்து கிடந்து உள்ளங்கை முழுவதும் சிவந்து, தோல் உரிந்திருந்தது. நான் அதுவரை கவனிக்கவில்லை. இரண்டு நாளாக விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், கையைப் பார்க்கவில்லை.

"நல்லா இருந்த காலத்துல, பிடிக்காத சாமானை யாராவது முன்னால கொண்டு வச்சா இந்த ஒத்தை விரலால சுண்டுவாவ. எடுத்துட்டுப் போன்னு அர்த்தம். சோத்துல கல் கிடந்தாலும் அப்படித்தான். முப்பது வருஷமா பாக்கேன், எனக்குத் தெரியாதா? இப்பமும் அதைத்தான் சொல்லுதாவ. கை எரியுது, எடுத்துட்டுப் போங்கன்னு. இவுக அதைக் கேட்டுட்டு நூறு மூட்டை வாங்குதாவ."

"கொழுந்தனாரிடம் சொல்லவில்லையா?"

"சொன்னேன். மைனி, உங்களுக்கு யாவாரம் தெரியாதுன்னாவ."

அவர் சொன்னது எனக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த மனிதர் இரண்டு வருஷமாக வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் கீழே ஒரு குரல் நம்பரைக் கூவுகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் முகம் மழித்து, திருநீறு பூசி, கட்டி உட்காரவைத்துத் தட்டைக் கொண்டுவருகிறார்கள்.

"அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?"

"நான் கேட்டா ஆமாங்கறதுக்குக் கண்ணை மூடுவாவ. இல்லேன்னா மூடமாட்டாவ."

நான் நாற்காலிக்கு முன்னால் போய் மண்டியிட்டேன். எங்கள் முகங்கள் ஒரே உயரத்தில் இருந்தன. நான் சர்க்கார் பரிசோதகன், மூன்று கேள்வி கேட்பேன் என்று சொன்னேன். பேசிய என் குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது.

"மிளகை நீங்கள்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்களா?"

கண் என்னையே பார்த்தது. மூடவில்லை.

"இந்தச் சம்பளம் நீங்கள் கேட்டு வாங்குவதா?"

மூடவில்லை.

"தட்டு கொண்டுவருவதை நிறுத்தச் சொல்லவா?"

கண் மூடியது. அப்படியே மூடி இருந்தது. திறக்கும் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. நான் எழுந்திருக்கலாமா என்று அந்த அம்மாளைப் பார்த்தபோது, நாற்காலியின் கைப்பலகையில் விரல் தட்ட ஆரம்பித்தது. ஒரு தடவை அல்ல. டக் டக் டக் டக் என்று, கதவைத் தட்டுகிற மாதிரி, விடாமல். கையின் கீழே தட்டு இல்லை, மிளகு இல்லை. நான் குனியும்போது அங்கே வைத்துவிட்ட என் குறிப்புத்தாள் மட்டும் இருந்தது.

படியில் தடதடவென்று காலடி. தம்பி மூச்சு வாங்க வந்து நின்றார். பின்னால் நாலைந்து ஆட்கள். "என்னத்தை வாங்கச் சொல்லுதாவ? என்னத்தை?" என்று அறை முழுவதும் தேடினார். என் தாள் கண்ணில் பட்டது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சாருக்க ரிப்போர்ட்டை ஒத்துக்கிட்டாவ பாத்தியளா! அப்பம் சரிதன்னெ" என்றார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை ஆட்கள் கைகட்டிக்கொண்டு அந்த விரலையே பார்த்து நின்றார்கள். தாளை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன். இன்றும் அந்த நிமிஷத்தை நினைத்தால் என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

வாயால் சொல்ல முடியாததை எழுத்தில் எழுதினேன். இந்த ஆள் எந்த வேலையும் செய்யவில்லை. அவரே அப்படிச் சொன்னார். அவரை இந்தத் தொந்தரவிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று இரண்டு பக்கம். ஆபீசர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணு மூடியதெல்லாம் ரிக்கார்டில் ஏற்ற முடியாது. பின்னெ, விடுவிக்கிறது நம்மட ஜோலி அல்ல."

"நஷ்டமே இல்லாததற்கு என்ன எழுதுவது சார்?"

"மத்த வியாபாரிகளுடெ கணக்கு நம்ம கையில் உண்டல்லோ. அவர்களுக்கும் நஷ்டம் இல்லையெங்கில் இது யுத்தத்தின் லாபம். அப்போ சம்பளம் யுத்தத்துக்கல்லோ கொடுக்கணும்?"

எனக்கு அது தோன்றாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. அதே தெருவின் மற்ற மிளகு, சுக்கு வியாபாரிகளின் கட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஆபீசர் சொன்னது சரி. யுத்தத்தில் விலை மாதாமாதம் ஏறியது. எதை வாங்கிப்போட்டவனுக்கும் காசு. அந்த விரல் அசையாததால் விட்டதாகக் கணக்கில் கண்ட சரக்கை வாங்கினவர்களும் லாபம்தான் பார்த்திருந்தார்கள். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அந்தப் பக்கத்துத் தெரு வியாபாரியின் கணக்கு மட்டும் சில வாரம் கழித்து வந்தது. நான் கண்ணால் பார்த்த அந்த வெள்ளைச் சுக்கை அவர் வள்ளக்கடவுப் படகுத்துறையில் வள்ளத்தில் ஏற்றி அனுப்பியிருந்தார். வள்ளம் காயலில் மறிந்து கவிழ்ந்து, அத்தனையும் போய், வள்ளக்காரர் ஒருவரும் இறந்திருந்தார். எண்களுக்கு நடுவே அந்தச் செத்த ஆளின் குடும்பத்துக்குக் கொடுத்தது ஒரு வரியாக இருந்தது. அதை நான் ஆபீசரிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் வள்ளம் மறிவது சகஜம் என்பார். சகஜம்தான்.

உத்தரவு வந்தது. மாதம் நூற்றைம்பதுக்கு மேல் உள்ளது நியாயமான சம்பளம் அல்ல. அதை லாபத்தோடு சேர்த்து வரி கட்ட வேண்டும். அதைக் கொடுக்க நானே போனேன். இந்தத் தடவை தம்பியைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், அவர் மைனி சொன்னதை, கண் மூடியதை, கையின் தோல் உரிந்திருப்பதை எல்லாம் சொன்னேன். அவர் நம்பவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் திரும்பிப் படியைப் பார்த்தார். மேலே ஓடினார். அண்ணனின் கையைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். மேலேயிருந்து ஒரு ஆண் அழுகிற சத்தம் கேட்டது. கீழே ஆட்கள் எந்த நம்பர் என்று தெரியாமல் நின்றார்கள்.

பத்து நாளில் அந்த அம்மாள் கணவரை ஊருக்கே அழைத்துப்போய்விட்டார். செங்கோட்டை வழியாகப் போகும் வண்டிக்கு அவரை நாற்காலியோடு தூக்கி வந்தபோது நானும் தம்பானூர் ஸ்டேஷனில் இருந்தேன். லாட்ஜ் பக்கம்தானே. அவர் கையில் வெண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தது. "தட்டை நிப்பாட்டுன அன்னைக்கு ராத்திரிதான் தூங்குனாவ" என்றார் அம்மாள். அண்ணனின் கண் என்னைத் தேடி வந்தது. நான் கும்பிட்டேன். கண் மூடித் திறந்தது. வண்டி போனபிறகு தம்பி பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "இனிமே நான் யார்ட்ட கேப்பேன் சாரே?" என்றார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வருஷத்துக் கணக்கு வந்தது. நாள்வழியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு பக்கத்தில், அண்ணாச்சி காரியச் செலவு என்று எழுதியிருந்தது. ஊருக்குப் போன எட்டாம் மாதம் அவர் இறந்திருந்தார். பதினாறாம் நாள் அரிசி, காய்கறி, வாழையிலை எல்லாம் தனித்தனியாக எழுதியிருந்தன. எனக்கு வருத்தமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். மாதக் கடைசி. மானேஜிங் டைரக்டர் அண்ணாச்சி சம்பளம், ரூபாய் ஆயிரம். அடுத்த மாதமும். அதற்கு அடுத்த மாதமும். வருஷக் கடைசி வரை. அதே கையெழுத்து. சாவை மறைக்கவும் இல்லை, சம்பளத்தை நிறுத்தவும் இல்லை. இரண்டையும் ஒரே மையில் எழுதியிருந்தது.

போனேன். காலை பத்து மணி. கடைக்குள் இரண்டடி வைத்ததும் தெரிந்துவிட்டது. ஆட்கள் பேசவில்லை. மூட்டைகளை இரண்டு பேராகப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி என்னைப் பார்த்ததும் தானாகவே படியைக் காட்டினார். மேலே அதே அறை. ஊரிலிருந்து நாற்காலியை வண்டியில் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் யாரும் இல்லை. உட்காரும் பலகையில் ஒரு வெளுத்த மல் வேட்டி மடித்து வைத்திருந்தது. கைப்பலகையின்மேல் பித்தளைத் தட்டு, தட்டில் மிளகு.

"இது என்ன?" என்றேன்.

"நீங்க சொன்னியளேன்னு தட்டை நிப்பாட்டுனேன். எட்டு மாசம் கடையில என்னத்தைக் கண்டாலும் கை விறைச்சுப்போவும். ஒரு மூட்டை வாங்கலெ. அண்ணாச்சி போன பொறவுதான்..." அவர் நிறுத்தினார். "இப்பம் அவுகளுக்கு கை எரியாதுல்லா?"

இதை அவர் மிகவும் இயல்பாக, என் அபிப்பிராயத்தைக் கேட்கிறவர்போலக் கேட்டார். வேறு வழியில்லாமல் ஆபீஸ் பேச்சைப் பேசினேன். "செத்தவருக்குச் சம்பளம் எழுத முடியாதுங்க. இந்த ஆயிரம் எங்கே போகிறது?"

இடுப்பிலிருந்து ஒரு கட்டு மணியார்டர் ரசீதை எடுத்துக் கொடுத்தார். மாதாமாதம் ஆயிரமும் அவர் மைனிக்குப் போயிருந்தது. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

"அப்படியானால் உங்கள் சொந்தப் பணத்திலிருந்து மைனிக்குக் கொடுப்பதாக எழுதுங்கள். சம்பளம் என்று எழுதாதீர்கள்."

"பிச்சையா போடச் சொல்லுதிய? மைனி வாங்கமாட்டாவ. இது அண்ணாச்சி உழைச்ச காசு."

"உழைப்பது யார்?"

அவர் உதட்டில் விரலை வைத்தார். வெயில் ஓட்டில் ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ யாரையோ திட்டினார்கள். அது வெகுதூரத்தில் கேட்டது. தம்பி தலையைச் சாய்த்துக்கொண்டு நாற்காலியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மிளகுமணி ஒன்றுகூட நகரவில்லை. நான் சத்தியமாகச் சொல்கிறேன், தட்டை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

டக்.

கீழேயிருந்து, "ரெண்டு!" என்றார்கள்.

பழைய வீடு. வெயிலில் தேக்குப் பலகை சத்தம் போடும். லாட்ஜில் என் கட்டிலும் போடும். நான் இதைத் தம்பியிடம் சொல்லவில்லை. "கேட்டுதுல்லா?" என்று அவர் கேட்டபோது, "கேட்டது" என்றுதான் சொன்னேன். கேட்டதே.

ஆபீஸுக்குத் திரும்பி ரிப்போர்ட் எழுதினேன். இறந்தவர் சேவை செய்ய முடியாது. இறப்புக்குப் பிறகு எழுதிய சம்பளம் முழுவதையும் தள்ள வேண்டும். நாலு வரி. மேலே கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆபீசர் படித்துவிட்டு, "இத்தனை சின்ன ரிப்போர்ட் நீ எழுதிக் கண்டதே இல்லையே" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். தம்பி வரியை ஒரு பேச்சும் பேசாமல் கட்டினார். அப்பீல் செய்யவில்லை. மைனிக்கு மணியார்டர் தொடர்ந்து போனதாகக் கேள்வி. அது கணக்கில் எந்தத் தலைப்பில் போயிற்றோ, அதைப் பார்க்க நான் அங்கே இருக்கவில்லை.

ஏனென்றால் அந்த மாதமே நாகர்கோவிலுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் எழுதினேன்; அம்மா நன்றாகத்தான் இருந்தாள். மாற்றல் கிடைத்தது. அங்கே நெல்லும் தேங்காயும்தான் அதிகம். வருகிற ஆட்கள் ஆபீஸ் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருவார்கள். மேஜையைக் குத்துவார்கள், நீயெல்லாம் ஒரு ஆபீசரா என்பார்கள், வெற்றிலை எச்சிலை ஜன்னலில் துப்புவார்கள். கூட வேலை பார்த்தவர்களுக்கு அது பெரிய உபத்திரவம். நான் மட்டும் வந்தவரை உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்பேன்.